சங்காயத்தைக் கிளறாமல் கொட்டலாமா? ஸ்பேமைத் தானாக அழிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

மண்டபம் கரையில் விசைப்படகு வந்து நின்றதும் முதலில் கூடையேறுவது இறால். அடுத்து கணவாய், நண்டு, பிறகு விலைபோகும் மீன். கடைசியில் தளத்தில் மிஞ்சிக் கிடப்பதைச் சங்காயம் என்போம். காயவைத்தால் கோழித் தீவனத்துக்குப் போகும். அந்தக் குவியலைக்கூட யாரும் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போடுவதில்லை. பெண்கள் உட்கார்ந்து ஒருமுறை கையால் கிளறிப் பார்ப்பார்கள். விரல் நீளக் கணவாய் நாலு, பொடி இறால் ஒரு கை, எப்படியும் அகப்படும்.

மெயிலில் ஸ்பேம் பெட்டியை, அதாவது குப்பை மெயில் ஒதுங்கும் பெட்டியை, நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். முன்பு அப்படிப் பார்க்கவில்லை. அதனால் கம்பெனிக்கு நஷ்டம் வந்தது.

இறாலும் கணவாயும் வாங்கி அனுப்பும் ஒரு கம்பெனியில் கணக்கும் மெயிலும் என் பொறுப்பு. சில வருடங்களுக்கு முன் ஒரு மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரையில் படகு மராமத்து, பெயின்ட், வலை வேலை நடக்கும். ஆபீஸ் பாதி நாள் பூட்டியே கிடக்கும். வாரத்தில் ஒருநாள் நான் போய் கம்ப்யூட்டரைத் திறந்து இன்பாக்ஸை மட்டும் பார்த்துவிட்டு வருவேன். படகுகள் மறுபடி இறங்கிய வாரம் தூத்துக்குடியிலிருந்து ஒரு ஏஜென்ட் போன் செய்தார். "ரெண்டு மெயில் போட்டோம் சார், ஒரு பதிலும் இல்ல. கணவாய்க்கு வேற இடத்துல பேசி முடிச்சாச்சு." முதலாளி என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, மெயில் வந்துச்சா இல்லையா?" என்றார்.

தேடினேன். இன்பாக்ஸில் இல்லை. ஜங்க்கில் (சில மென்பொருள்களில் ஸ்பேம் பெட்டிக்கு இதுதான் பெயர்) இல்லை. அழித்தவை போய்ச் சேரும் ட்ராஷும் காலி. வந்த இரண்டும் ஜங்க்குக்குப் போயிருக்கின்றன. 14 நாளுக்கு மேலான ஜங்க்கைத் தானாக அழி என்ற கட்டத்தில் டிக் போட்டது நான். மெயிலை மூடும்போது ட்ராஷைக் காலி செய் என்பதிலும் டிக் போட்டது நான்தான். பெட்டி சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்துச் செய்தது. மென்பொருள் சொன்னதைச் செய்தது, சொன்னவன் நான். முதலாளி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு ஸ்பேமை அழிக்க என்னென்ன வழி இருக்கிறதோ, அத்தனையையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். நம் பக்கத்து ஆபீஸ்களுக்கும் வீடுகளுக்கும் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அழிப்பது யார்?

பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். மெயில் இரண்டு இடத்தில் வடிகட்டப்படுகிறது. முதலில் சர்வரில், அதாவது மெயில் சேவை தருகிறவர்களின் கம்ப்யூட்டரில்: ஜிமெயிலோ உங்கள் டொமைன் மெயிலை (கம்பெனிப் பெயரிலேயே வரும் மெயில்) நடத்துகிறவர்களோ தங்கள் கணக்குப்படி ஸ்பேம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பிறகு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் மெயில் மென்பொருள், அதாவது தண்டர்பேர்ட், அவுட்லுக், ஆப்பிள் மெயில் போன்றவை, தன் பங்குக்கு ஒருமுறை வடிகட்டும். வடிகட்டுகிற இடம் இரண்டு என்றால் அழிக்கிற இடமும் இரண்டு ஆகலாம். வாசலை இரண்டு பேர் பெருக்கினால் தொலைந்த காதுத்தோட்டை யாரிடம் கேட்பது? எனக்கு ஒரே மென்பொருளுக்குள்ளேயே அப்படி நடந்தது. ஒரு பக்கம் ஜங்க்கை அழிக்கும் கணக்கு, இன்னொரு பக்கம் ட்ராஷைக் காலி செய்யும் கணக்கு. இரண்டும் சேர்ந்து தடயமே இல்லாமல் துடைத்துவிட்டன.

ஐமேப் முறையில் மெயிலை இணைத்திருந்தால் கம்ப்யூட்டரில் காண்பதும் போனில் காண்பதும் சர்வரில் இருக்கும் ஒரே பெட்டிதான். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் போய்விடும். "ஆபீஸ் கம்ப்யூட்டர்லதானே அழிச்சேன், முதலாளி போன்ல இருக்கும்ல?" என்று கேட்காதவர்கள் குறைவு. இருக்காது.

பழைய பாப் முறை வேறு. அதில் இன்பாக்ஸில் இருப்பது மட்டும் உங்கள் கம்ப்யூட்டருக்கு இறங்கும். சர்வர் ஒதுக்கிய ஸ்பேம் உங்கள் மென்பொருளுக்கு வரவே வராது. பிரவுசரில் போய்த்தான் பார்க்க வேண்டும். பாப்பிலேயே பல வருடமாக ஓட்டிக்கொண்டு, "எனக்கு ஸ்பேமே வர்றதில்ல" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இன்றே ஒருமுறை பிரவுசரைத் திறந்து பாருங்கள்.

சர்வரிடமே விட்டுவிடுவது

ஜிமெயில் ஸ்பேமில் 30 நாள் கிடக்கும் மெயிலை அதுவே அழித்துவிடும். இந்த 30 என்ற எண்ணை நாம் மாற்ற முடியாது. நம் கம்ப்யூட்டரில் எதையும் அமைக்க வேண்டாம், மறந்துபோக ஒன்றும் இல்லை. வீட்டு உபயோகத்துக்கு, அதுவும் தினமும் போனைப் பார்க்கிறவர்களுக்கு, இது போதும். இதற்கு மேல் எதையும் தொட வேண்டாம் என்பேன்.

கம்பெனிக்கு இது மட்டும் பத்தாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏப்ரல் 16-ல் ஸ்பேமுக்குள் விழுந்த மெயில் மே மாதம் நடுவிலேயே இல்லாமல் போகும். ஜூன் 15-ல் படகு இறங்கும்போது நீங்கள் தேடுவதற்கு எதுவும் இருக்காது. தடைக்காலம் 61 நாள்; சர்வர் பொறுப்பது 30 நாள். அழிந்தது ட்ராஷுக்கும் வராது. ஸ்பேமிலிருந்து போனால் ஒரேயடியாகப் போனதுதான்.

சிலர் இதைச் சமாளிக்க மென்பொருளில் 60 நாள் என்று போட்டுவைக்கிறார்கள். ஐமேப்பில் அதற்குப் பலன் இல்லை. சர்வர் 30-ல் அழித்த பிறகு மென்பொருளின் 60-க்கு அழிக்க என்ன மிச்சம்? சர்வரின் கெடுவை மென்பொருளால் குறைக்க முடியும், கூட்ட முடியாது. இது எனக்குப் புரிவதற்கே ஒரு தடைக்காலம் ஆயிற்று.

மென்பொருளில் நாள் குறிப்பது

தண்டர்பேர்டில் ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் தனியாக ஜங்க் செட்டிங்ஸ் உண்டு. அதில் இத்தனை நாளுக்கு மேற்பட்ட ஜங்க்கைத் தானாக அழி என்ற வரி இருக்கும். கட்டத்தில் டிக் இருக்காது, ஆனால் எண் மட்டும் முன்கூட்டியே 14 என்று எழுதியிருக்கும். இந்த 14-ஐ யாரும் யோசித்து மாற்றுவதில்லை. அங்கே இருக்கிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று டிக்கை மட்டும் போட்டுவிடுகிறோம். 14 நாள் என்பது மெயில் வந்த நாளிலிருந்து கணக்கு, நீங்கள் கண்ணால் பார்த்த நாளிலிருந்து அல்ல. நீங்கள் பார்க்கவே இல்லை என்றாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இதே மென்பொருளில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் அந்த ஃபோல்டருக்கு மட்டும் ஆயுள் குறிக்கலாம்: இத்தனை நாளுக்கு மேல் வேண்டாம், அல்லது கடைசியாக வந்த இத்தனை மெயில் போதும் என்று. அதனோடு ஸ்டார் குத்தியதை எப்போதும் வைத்திரு என்ற சலுகையும் உண்டு. சந்தேகமான மெயிலுக்கு ஒரு ஸ்டார் குத்திவிட்டால் அது தப்பிக்கும். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. ஆனால் ஐமேப்பில் இதுவும் சர்வரில் இருந்தே அழிக்கும் என்பதை மறக்கக்கூடாது. இன்பாக்ஸின் மேல் தெரியாமல் வைத்துவிட்டால் அவ்வளவுதான்.

ஆப்பிள் மெயிலில் பேரத்துக்கு இடமில்லை: ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், மெயிலை மூடும்போது, அல்லது ஒருபோதும் வேண்டாம். இதில் ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். மூடும்போது என்பதைத் தொடவே வேண்டாம்.

வந்ததும் அழிப்பது

கம்ப்யூட்டரில் நிறுவும் பழைய அவுட்லுக்கில் ஜங்க் மெயிலுக்கான அமைப்பில், சந்தேகமானதை ஜங்க் ஃபோல்டருக்கு அனுப்பாமல் நிரந்தரமாகவே அழித்துவிடு என்று ஒரு கட்டம் உண்டு. அதற்கு மேலேயே வடிகட்டும் கடுமையைக் குறைவு, அதிகம் என்று தேர்ந்தெடுக்கலாம். அதிகம் என்பதற்குப் பக்கத்தில் அந்த மென்பொருளே எழுதிவைத்திருக்கிறது: நல்ல மெயிலும் சில சிக்கலாம், ஜங்க் ஃபோல்டரை அடிக்கடி பாருங்கள் என்று. அடிக்கடி பார்க்கச் சொல்லும் வரிக்குக் கீழேயே, பார்க்க எதுவும் மிஞ்சாமல் செய்யும் கட்டம். இரண்டையும் சேர்த்து டிக் செய்திருந்த ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கம்பெனி மெயிலுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம் என்று அடித்துச் சொல்வேன். காரணம் வடிகட்டும் முறையிலேயே இருக்கிறது. தண்டர்பேர்ட் போன்றவை வார்த்தைகளை எண்ணித்தான் கற்றுக்கொள்கின்றன. ஒரு வார்த்தை குப்பை மெயிலில் எத்தனை முறை வந்தது, நல்ல மெயிலில் எத்தனை முறை வந்தது என்று பார்த்து அதற்கு ஒரு எடை. எல்லா எடையையும் கூட்டினால் மெயிலுக்கு ஒரு தீர்ப்பு. தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் நிகழ்தகவுக் கணக்கு இது. அவர் இறந்த பிறகு 1763-ல் அச்சில் வந்தது. கணக்கில் குறை இல்லை. நம் தொழிலில் புழங்கும் வார்த்தைகள்தான் வில்லங்கம். இன்வாய்ஸ், பேமென்ட், அர்ஜென்ட், கன்டெய்னர், அட்வான்ஸ், பேங்க் விவரம். ஏமாற்றுக்காரனுக்குப் பிடித்த வார்த்தைகள் அத்தனையும் இவைதான். புதிதாக ஒரு பையர் (சரக்கு வாங்குபவர்) எழுதும் முதல் மெயிலும் இதே வார்த்தைகளில்தான் வரும். அவர் பெயர் நம் அட்ரஸ் புக்கில் இருக்காது. அவர் சிறிய ஆளாக இருந்தால், அவருடைய டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற அடையாள ஏற்பாடுகளும் சரியாக இருக்காது. அதுவும் சர்வரின் சந்தேகத்தைக் கூட்டும். தவறிப்போகக்கூடாத மெயில் எதுவோ, தவறுவதற்கு அதிக வாய்ப்புள்ளதும் அதுதான்.

இன்னொன்று. இந்த வடிகட்டி நல்லது எது என்பதையும் நாம் சொல்லித்தந்தால்தான் திருந்தும். ஜங்க்கில் விழுந்த நல்ல மெயிலைத் திறந்து இது ஜங்க் இல்லை என்று அழுத்த வேண்டும். வந்ததும் அழித்துவிட்டால் அது தன் தவறை ஒருநாளும் தெரிந்துகொள்ளாது.

எதையும் அழிக்காமல் வைத்திருப்பது

நஷ்டம் வந்த கோபத்தில் அடுத்த வருடம் நான் இதைத்தான் செய்தேன். டொமைன் மெயிலில் சர்வர் பக்கத்து அழிப்பையும் நிறுத்தச் சொல்லி, மென்பொருளில் எல்லா டிக்கையும் எடுத்தேன். இடம் அடைக்கும் என்று பயந்தேன். அந்தப் பயம் வீண். ஸ்பேம் பெரும்பாலும் சின்னச் சின்ன மெயில். கூகுள் தரும் 15 ஜிபியில் ஸ்பேமும் சேர்ந்துதான் எண்ணப்படும் என்றாலும், அதை நிரப்புவது நாம் அனுப்பும் கணவாய்ப் போட்டோக்களும் வீடியோக்களும்தான். தண்டர்பேர்டில் அழித்தாலும் ஃபோல்டரை காம்பாக்ட் செய்யும்வரை டிஸ்கில் இடம் திரும்பாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஆகவே இடத்துக்காக ஸ்பேமை அழிக்கிறேன் என்பது பெரிய காரணம் இல்லை.

ஆனால் வேறொன்று நடந்தது. நாலு மாதத்தில் ஜங்க் பெட்டி ஆயிரக்கணக்கில் போய்விட்டது. முதல் வாரம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றாவது மாதம் அந்த எண்ணைப் பார்த்ததுமே பெட்டியை மூடிவிட்டேன். எல்லாம் இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. சங்காயம் மலையாகக் குவிந்தால் கிளற யாருக்குக் கை வரும்? அன்றைக்குப் பிறகு அழிப்பதைப் பற்றி என் எண்ணம் மாறியது. தானாக அழிப்பது சுத்தத்துக்காக அல்ல; குவியல் ஒருவர் உட்கார்ந்து கிளறிப் பார்க்கும் அளவில் இருப்பதற்காக. பார்ப்பதற்கும் அழிப்பதற்கும் நடுவே போதிய நாள் இருக்க வேண்டும். எத்தனை நாள் என்பதை நீங்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை உட்கார்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். வாரம் ஒருமுறை பார்க்கிறவருக்கு 14 நாளும் போதாது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் கெடு வாசலுக்கு வந்துவிடும். அவர் 30-ல் வைக்கட்டும்.

முன்கூட்டியே பொறுக்கி எடுப்பது

அழிக்கும் கெடுவை மாற்ற முடியாத இடத்தில் இதுதான் கை கொடுக்கிறது. ஜிமெயிலில் பிரவுசர் வழியாக ஃபில்டர் ஒன்று போட்டு, ஸ்பேமுக்கு ஒருபோதும் அனுப்பாதே என்று சொல்லலாம். நாங்கள் பையர்களின் முழு முகவரிகளைக் கொடுத்திருக்கிறோம். கூடவே கணவாய், இறால் வகைகளின் ஆங்கில வணிகப் பெயர்களையும் கொடுத்து, அந்த வார்த்தை இருந்தால் இன்பாக்ஸுக்கே வரட்டும் என்று வைத்திருக்கிறோம். லாட்டரி மெயில்காரன் கணவாயைப் பற்றி எழுதமாட்டான். குப்பை கொஞ்சம் கூடுதலாக உள்ளே வருகிறது, பரவாயில்லை.

தண்டர்பேர்டில் அட்ரஸ் புக்கில் இருப்பவர்களை ஜங்க் என்று முத்திரை குத்தாதே என்ற ஏற்பாடு உண்டு. நல்லதுதான். ஆனால் அது தண்டர்பேர்டின் சொந்த வடிகட்டிக்கு மட்டும். சர்வர் முன்னாலேயே ஒதுக்கியதை அது காப்பாற்றாது.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். மெயிலில் அனுப்புநர் பெயரைப் பொய்யாகப் போடலாம். பழகிய பையரின் பெயரில், "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று வருவது பழைய வித்தை. ஸ்பேமிலிருந்து மீட்ட மெயிலில் பணம், கணக்கு எண் என்று ஏதாவது இருந்தால் அந்த மெயிலில் உள்ள நம்பருக்கு அல்ல, உங்களிடம் முன்பே இருக்கும் நம்பருக்குப் போன் செய்து குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

யாருக்கு எது?

கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு லாத்தாவின் (அக்காவின்) மகன் வளைகுடாவில் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தான். "தம்பி, என் போன்லதான் மெயிலும் வருது, இந்தச் சிவப்புல எண் காட்டுதே, எல்லாத்தையும் அழிச்சுக் கொடுங்க" என்று லாத்தா கேட்டார். ஸ்பேமைத் திறந்தபோது எல்லாவற்றையும் இப்போதே காலி செய் என்ற வரி மேலேயே இருந்தது. ஒரு விரல் தட்டு போதும். நான் தட்டவில்லை. இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு தலைப்பாகப் பார்த்தோம். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்ட மெயில் மூன்று. அவற்றுக்கு நடுவே அவன் உண்மையாகவே விண்ணப்பித்திருந்த கம்பெனி, சான்றிதழ் நகல் கேட்டு அனுப்பிய மெயில் ஒன்று, 19 நாள் ஆகியிருந்தது. வேலை தேடுகிற வீட்டுக்கு என் யோசனை: சர்வரின் 30 நாளே இருக்கட்டும், வாரத்துக்கு ஒருநாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொண்டு, ஸ்பேமைத் திறந்து தலைப்பை மட்டும் படியுங்கள். ஏஜென்ட் பெயர் வந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். மெயிலில் வரும் இணைப்பைத் தட்டாதீர்கள்.

பாம்பன் பக்கம் பாசி வளர்க்கும் பெண்கள் குழுக்களில் பல பேருக்கு ஒரே மெயில், ஒரே போன். அங்கே போன் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பார்க்க வேண்டும், மற்றவர் அழிக்கக்கூடாது என்று பேசிவைத்துக்கொண்டால் போதும். வேறு அமைப்பு எதுவும் வேண்டாம்.

எங்களைப் போல வாங்கி அனுப்பும் கம்பெனிக்கு, இப்போது நாங்கள் வைத்திருப்பதைச் சொல்கிறேன். மென்பொருளில் தானாக அழிக்கும் டிக் எதுவும் இல்லை. அழிப்பது சர்வர் மட்டும், 30 நாளில். மூடும்போது ட்ராஷைக் காலி செய்வதும் நிறுத்தப்பட்டது. திங்களும் வியாழனும் காலையில் பத்து நிமிடம் ஜங்க்கைப் பார்க்கிறேன். சந்தேகமானதைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்திவிடுகிறேன், அங்கே கெடு இல்லை. தடைக்காலத்தில் நான் ஊருக்குப் போனால் இந்த வேலை யாருடையது என்று ஏப்ரல் 14-ம் தேதியே முதலாளி முன்னால் பேசி, போர்டில் எழுதிவிடுகிறோம்.

ஏற்கெனவே அழிந்துவிட்டது, இப்போது என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: முதலில் ட்ராஷைப் பாருங்கள். ஜிமெயிலில் அங்கேயும் 30 நாள் தங்கும். ஐமேப் வழியாக மென்பொருளில் அழித்திருந்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும். அங்கேயும் இல்லை என்றால் கூச்சப்படாமல் அனுப்பியவரிடமே கேளுங்கள். அவருடைய சென்ட் பெட்டியில் அது அப்படியே இருக்கும். தூத்துக்குடி ஏஜென்டிடம் நான் அதைக் கேட்டேன். இரண்டு மெயிலையும் அன்று மாலையே திருப்பி அனுப்பினார். அந்த ஆர்டர் போனது போனதுதான். அவருடைய முகவரி இப்போது எங்கள் ஃபில்டரில் முதல் வரியில் இருக்கிறது.